மூன்றாம் எண் அறையின் விருந்தினர்

நாகர்கோவில் அரசு விருந்தினர் மாளிகையின் மூன்றாம் எண் அறையில் மாசி மாதம் வந்து தங்கிய விருந்தினரைப் பற்றி ஊழியர்களுக்கு முதலில் எந்தப் புகாரும் இல்லை. துண்டு மாற்றச் சொல்லவில்லை. வெந்நீர் வரவில்லை என்று கத்தவில்லை. நாட்டுக்கோழி கிடைக்குமா என்று கேட்கவில்லை. போகும்போது சோப்பையும் ரிமோட்டையும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போகிற ஆளாகவும் தெரியவில்லை. அவரே ஒரு பெட்டிக்குள்தான் இருந்தார்.

பெயர் ஃப்ளைட் லெப்டினன்ட் ஜெபமணி. ஊர் குலசேகரம். வயது இருபத்தைந்து. அறுபத்தைந்தாம் வருடத்துப் போரில் ஒற்றை இருக்கைச் சண்டை விமானத்தில் பனிமலைகளுக்கு மேல் பறந்தவர் திரும்பவில்லை. போன கோடையில் பனி வழக்கத்தைவிட அதிகமாக உருக, ரோந்து போன ராணுவ வீரர்களின் கண்ணில் ஒரு வலது கால் பூட்ஸ் பட்டது. பூட்ஸுக்குள் கால் இருந்தது. சற்றுத் தள்ளி, பற்களோடு ஒரு தாடை எலும்பு. மலை திருப்பிக் கொடுத்தது அவ்வளவுதான். குலசேகரத்தில் இருந்த மகனின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, ஜெபமணிதான் என்று உறுதி செய்தார்கள். விமானப்படையினர் ஒரு சிறிய தேக்குப் பெட்டியில் வைத்து, கொடி போர்த்தி, திருவனந்தபுரம் வரை கொண்டுவந்து, சல்யூட் அடித்து ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதன் பிறகு நம் ஆட்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

நம் ஆட்கள் என்றால் மாவட்ட வீரவணக்க ஒருங்கிணைப்புக் குழு. அதன் தனி அலுவலர் தாணுமாலயன். இறந்த வீரர்களுக்கு மரியாதை செய்வதற்கென்றே அமைக்கப்பட்ட அந்தக் குழுவுக்கு வெகு நாட்களாக இறந்த வீரர் யாரும் கிடைக்காமல் இருந்தது. இப்போது கிடைத்தவரை லேசில் விடுவதாக இல்லை.

மகன் யேசுரத்தினம், குலசேகரம் சந்தையில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்பவர். ரப்பர் மரத்தின் வெட்டுவாயிலும் சிரட்டையிலும் ஒட்டி உலர்ந்துபோகிற மிச்சப் பால்தான் ஒட்டுப்பால். அந்த வாடையை அறிந்தவர்கள் அவர் கடைக்கு எதிர்ப்பக்கமாக நடப்பார்கள். தகப்பன் விமானம் ஏறிப் போனபோது யேசுரத்தினம் தாய் தங்கபாயின் வயிற்றில் இருந்தார். இப்போது அறுபதைத் தொடப் போகிறார்.

"வீட்டுக்குக் கொண்டு போகணும் சார்" என்று அவர் தாணுமாலயன் முன்னால் நின்றார். "அம்மை காத்துக்கிட்டு இருக்கா."

அதில் தவறாக ஒன்றுமில்லை. எங்கே செத்தாலும் உடம்பு முதலில் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். முன்னறையில் கிடத்தி ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பிறகுதான் கோயிலும் கல்லறைத் தோட்டமும். வளைகுடாவில் இறந்தவன்கூட விமானத்தில் வந்து, ஆம்புலன்ஸில் ஏறி, முதலில் தன் வீட்டு முன்னறைக்குத்தான் வருவான். வாசல் ஏறாத உடம்பு அடங்காது என்பார்கள்.

தாணுமாலயன் பொறுமையாக விளக்கினார். "மிஸ்டர் யேசுரத்தினம், கொஞ்சம் விளங்கிக்கிடணும். வீட்டுக்குக் கொண்டு போனா அது ஒரு சாவு. இங்க இருந்தா அரசு மரியாதை. ரெண்டும் ஒண்ணா? தகப்பன் எல்லாருக்கும்தான் உண்டு. வீரன் எத்தன பேருக்கு உண்டு?"

"எனக்குத் தகப்பனே இருந்ததில்ல சார்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். இத்தன வருசம் இல்லாம இருந்து பழகிட்டீங்க. அமைச்சர் தேதி குடுக்கது வரைக்கும் இன்னும் ஒரு பத்து நாள் இருக்கப்படாதா?"

"பெட்டி சின்னதுல்லா சார். நான் கையிலேயே கொண்டு போயி, ஒரு ஜெபம் முடிச்சு, திருப்பிக் கொண்டாந்திருதேன்."

"கையிலயா?" தாணுமாலயன் உண்மையிலேயே புண்பட்டுப் போனார். "தேசத்துக்காக உயிரக் குடுத்தவர கையில தூக்கிட்டுப் போறதுக்கு அதென்ன, தேங்காயா? அலங்கார ஊர்தியிலதான் போகணும். உங்க சந்துல ஊர்தி திரும்பாது. நாங்க ஆளு விட்டுப் பாத்தாச்சு."

பத்து நாட்களில் தேர்தல் அறிவிப்பு வந்தது. இறந்தவருக்கு மரியாதை செய்தால் உயிரோடு இருப்பவருக்கு ஓட்டு விழுந்துவிடும் என்று குழு அஞ்சியது. பெட்டியைக் காவல் அறையில் வைக்கலாம் என்றால் அங்கே வாக்கு இயந்திரங்கள் வரப்போகின்றன. கிடங்கில் எலி. கடைசியில் விருந்தினர் மாளிகையின் மூன்றாம் எண் அறையில் வைத்தார்கள். அங்கே விருந்தினர் மட்டுமே தங்கலாம் என்பது விதி. ஆகவே ஜெபமணி விருந்தினர் ஆக்கப்பட்டார். விருந்தினருக்குத் தினம் காலையில் ஒரு டீ உண்டு. ஆகவே காவலாளி இசக்கி தினமும் பெட்டியின் பக்கத்தில் ஒரு கோப்பை டீயை வைத்துவிட்டு, சாயங்காலம் எடுத்துக் கொட்டினார்.

சித்திரையில் ஒருநாள் கொட்டுவதற்கு டீ இல்லை. மறுநாளும் இல்லை. இசக்கி தாணுமாலயனிடம் போனார்.

"சார், மூணாம் நம்பர்ல டீ தீருது."

"தீந்தா நல்லதுதானல? கொட்டதுக்கா அரசாங்கம் டீ குடுக்கு?"

"குடிக்கதுக்கு ஆளு இல்லல்லா சார் அங்க."

தாணுமாலயன் சிறிது யோசித்தார். "சீனி எவ்வளவு போடுத?"

"ரெண்டு கரண்டி."

"ஒண்ணாக் கொற."

தேர்தல் முடிந்தது. அமைச்சரின் இலாகா மாறியது. புது அமைச்சருக்குத் தொண்டை கட்டியது. தொண்டை சரியானபோது மழை பிடித்தது. கத்திரி வெயிலிலேயே மூன்றாம் எண் அறையின் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததையும், விரலால் தொட்டால் சுடுவதுபோல் குளிர்ந்ததையும், ஏசி ஓடவில்லை என்பதையும் இசக்கி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மின்சாரம் மிச்சம் என்று பக்கத்து அறை ஆட்களையும் அங்கேயே தங்க வைத்துவிடுவார்களோ என்ற பயம்.

பக்கத்து அறையில் தங்க வந்த ஒரு பெரிய பொறியாளர்தான் முதலில் எழுத்தில் புகார் கொடுத்தார். மூன்றாம் எண் அறையில் யாரோ நடக்கிறார்கள். அதுவும் ஒற்றைக் காலில். டக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு காலுக்கு உரிய இடைவெளி. அந்த இடைவெளியில் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் டக்.

குழு கூடியது. இரண்டு மணி நேரம் விவாதித்தது. முடிவில் மூன்றாம் எண் அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'பிற விருந்தினர்களின் நலன் கருதி, மாலை ஆறு மணிக்கு மேல் அறைக்குள் நடமாடுவதைத் தவிர்க்கவும்.'

அறிவிப்பு வெளிப்பக்கம்தானே ஒட்டியிருக்கிறது, உள்ளே இருப்பவர் எப்படிப் படிப்பார் என்று இசக்கி கேட்டார். உள்ளேயும் ஒன்று ஒட்டினார்கள்.

யேசுரத்தினம் கடையைச் சாத்திவிட்டு, முடிந்த நாளெல்லாம் பஸ் ஏறி வந்து, உறவினர் பார்வை நேரத்தில் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார். என்ன பேசுவது என்று தெரியாது. வீட்டில் இருக்கிற கல்யாணப் போட்டோவில் சிரிக்கிற அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது. துபாயில் இருக்கிற தன் மகன் ஷாஜனுக்கே முப்பதாகிறது. அப்பா என்ற சொல் தொண்டைவரை வந்து, போட்டோவை நினைத்ததும் திரும்பிப் போய்விடும். மழையால் ரப்பர் பால்வெட்டு முடங்கிக் கிடப்பதைச் சொல்வார். ஷாஜன் போன் பண்ணியதைச் சொல்வார். பிறகு சும்மா இருப்பார். ஒரு நாள் அப்படிச் சும்மா இருந்தபோது, கட்டிலின் மறுபக்கத்திலிருந்து டக் என்று கேட்டது. அவர் எழுந்து ஓடவில்லை. எத்தனையோ வருடம் தன் வீட்டில் கேட்டிருக்க வேண்டிய சத்தம், இப்போது அரசு விருந்தினர் மாளிகையில் கேட்கிறதே என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

"டீயில சீனியக் கொறைக்கச் சொல்லிட்டாவ அண்ணாச்சி" என்று இசக்கி குற்றவாளிபோல வாசலில் நின்று சொன்னார். "அதுலேருந்துதான் நடை கூடிப் போச்சு."

ஐப்பசியில் தேதி முடிவாயிற்று. தாணுமாலயன் ஆட்களோடு குலசேகரத்துக்கே வந்தார். ஊர்தி திரும்பாத சந்தில் நடந்து வந்து, முன்னறையில் உட்கார்ந்து, தங்கபாய்க்கு நிகழ்ச்சியை விளக்கினார். எண்பதை எட்டிய தங்கபாய் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக நெஞ்சில் நீர் கட்டி, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. இந்தக் கிறிஸ்துமஸைத் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் மருமகள் பெமிலாவிடம் சொல்லியிருந்தார்.

"அம்மா, உங்களுக்கு மேடையில இருக்கை போட்டாச்சு. அமைச்சர் மலர்வளையம் வச்சதும் நீங்க அழணும். முந்தி அழுதிரப்படாது கேட்டீங்களா, நேரலை அதுக்கப்புறம்தான்."

"அழுததெல்லாம் அப்பமே தீந்து போச்சு பிள்ளே. இனி அவியகிட்ட ரெண்டு வார்த்த கேக்கதுதான் பாக்கி. அத மேடையில வச்சா கேக்கது?"

"வந்து இருந்தா மட்டும் போதும். காரு அனுப்புதோம்."

"கிறிஸ்துமசுக்கு வாறேன்னு சொல்லிட்டுப் போனது அவிய. அப்பம் வரவேண்டியதும் அவியதான். நான் எதுக்கு வரணும்?" மூச்சு வாங்கிக்கொண்டு தங்கபாய் கேட்டார்: "முன்பல்லு ஒண்ணு ஓரம் பொட்டி ஒடஞ்சு இருக்குமே, பாத்தீயளா?"

"அதெல்லாம் ஆய்வுக்கூடத்துல பாத்திருப்பாங்க."

"கல்யாணம் முடிஞ்ச வாரம் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாவ. வழுக்கும், பிடிச்சு நடங்கன்னு சொன்னேன். ஆகாசத்துல போறவனுக்குப் பாறை ஒரு காரியமான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தாவ. விழுந்தாவ. பல்லு பொட்டிச்சு. வாயெல்லாம் ரத்தம், அதோட சிரிக்காவ." தங்கபாய் அந்த ரத்தத்தைத் துடைப்பதுபோல் தன் உதட்டைத் துடைத்தார். "அந்தப் பல்லப் பாத்தாத்தான் நான் நம்புவேன். ரத்தம் பாத்தேன், அது பாத்தேன்னு சொல்லாதீங்க."

"பெட்டியத் திறக்கதுக்கு விதி இல்லம்மா."

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அடக்கம் கல்லறைத் தோட்டத்தில் இல்லை. நாகர்கோவிலில் நாலு ரோடும் சேருகிற இடத்தில் ரவுண்டானா நடுவே நினைவுச் சின்னம். "எந்தப் பக்கத்துலருந்து வாற பஸ்சும் அவரச் சுத்தித்தான் போகணும். இந்தப் பெருமை யாருக்குக் கிடைக்கும்?" என்றார் தாணுமாலயன். போகிற வழியில் ஐந்து நிமிடம் வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்று யேசுரத்தினம் கடைசியாகக் கேட்டுப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று பதில் வந்தது.

ஒத்திகை நடந்தது. தேக்குப் பெட்டி சிறியது, டிவியில் தெரியாது என்பதால் ஆறடிச் சவப்பெட்டி ஒன்று செய்திருந்தார்கள். அன்றைக்குச் சிறிய பெட்டியை அதற்குள் வைத்து மூடிவிடுவதாக ஏற்பாடு. ஆறு பேர் தூக்கினார்கள். பெட்டி காலியாக இருந்ததால் காற்றில் பட்டம் போலப் போயிற்று. வீரனுக்குக் கனம் வேண்டும் என்று உள்ளே கருங்கல் போட்டார்கள். நடக்க நடக்கக் கல் உருண்டு பலகையில் இடித்தது. டக். டக். நிற்கச் சொன்னார்கள். எல்லாரும் நின்றார்கள். பெட்டிக்குள் டக் என்றது. தூக்கியவர்களில் ஒருவர் தன் மூலையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, தோவாளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறியவர் பிறகு வரவில்லை.

"சத்தம் வராத கனம் வேணும்" என்று யோசித்த தாணுமாலயனின் பார்வை, ஓரத்தில் நின்ற யேசுரத்தினத்தின் மேல் விழுந்து மலர்ந்தது. "ரப்பர்!"

"ஷீட்டு தாறேன் சார்."

"மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு நல்ல சரக்கு? கழிவு போதும்."

"ஒட்டுப்பாலு வாடை அடிக்கும் சார்."

"உள்ள இருக்கவருக்கு மூக்கா இருக்கு? தாடையும் காலும்தான வந்திருக்கு?"

அறுபது வருடம் தெரியாமல் இருந்த ஒரு கோபம் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று யேசுரத்தினத்துக்கே பிடிபடவில்லை. சின்னப் பையனை யாராவது அடித்தால் பக்கத்தில் நிற்கிற பெரியவனுக்கு வருமே, அந்தக் கோபம். தகப்பனுக்காக மகன் படுகிற கோபமாக அது இல்லை. பையனுக்காகத் தகப்பன் படுவதாக இருந்தது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் குழுவின் வண்டி ஒட்டுப்பால் சாக்குகளை மாளிகையில் இறக்கிவிட்டுப் போனது. யேசுரத்தினமும் இசக்கியும் மூக்கைக் கட்டிக்கொண்டு ஆறடிப் பெட்டியை நிறைத்தார்கள். சிறிய பெட்டிக்கு நடுவில் இடம் விட்டிருந்தது. இசக்கி அந்த இடத்தைப் பார்த்தார். யேசுரத்தினத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் ஒரு டீ குடிச்சுட்டு வாறேன். வர கொஞ்ச நேரம் செல்லும். பின்வாசலு தொறந்துதான் கெடக்கு."

"உனக்குப் பிரச்சின ஆயிராதா?"

"பெட்டிய நாளைக்கு யாரும் தொறக்கப்போறது இல்ல, விதி இல்லல்லா?" என்றார் இசக்கி. "கொண்டு போயிருங்க. எனக்க காதால கேக்கேன், ராவும் பகலும் வாசல் வரைக்கும் வாறாரு, திரும்பிப் போறாரு. அவரு வீடு தேடுதாரு."

நடுவில் விட்டிருந்த இடத்தில் கடைசிச் சாக்கைக் கவிழ்த்தார் யேசுரத்தினம். தேக்குப் பெட்டியின் மேலிருந்த கொடியை, மடிப்புக் குலையாமல் எடுத்து நாற்காலியில் வைத்தார். பெட்டியை ஒரு வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வடசேரி பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

குலசேகரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நவம்பரில் பஸ் கண்ணாடி அவர் பக்கம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"சேட்டா, பெட்டியக் கீழ வைங்க" என்றார் கண்டக்டர்.

"வைக்க முடியாது பிள்ளே."

"உள்ள என்னது?"

"எனக்க ஆளு ஒருத்தன்" என்றார் யேசுரத்தினம். கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊர் வரை அந்தப் பக்கம் வரவில்லை.

ரப்பர் தோட்டங்களுக்குள் பஸ் திரும்பியதும் இருட்டத் தொடங்கியது. பெட்டி மடியில் கனத்தது, தூங்கிவிட்ட பிள்ளை கனப்பதுபோல. வளைவுகளில் அது சரியாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். இத்தனை மாதம் வராத சொல்லுக்குப் பதிலாக வேறொரு சொல் தானாக வந்தது. அவர் குனிந்து சொன்னார்:

"மக்கா, எழும்பு. வீடு வந்தாச்சு."

தங்கபாய் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெமிலா தலை வாரி, வெள்ளைச் சேலை உடுத்தி விட்டிருந்தாள். யார் சொன்னது என்று யேசுரத்தினம் கேட்கவில்லை. பெட்டியை முன்னறையில் கட்டிலுக்கு முன்னால் வைத்துத் திறந்தார். தங்கபாய் குனிந்து, விரலால் பற்களைத் தடவிக்கொண்டே போனார். முன்பல்லில் விரல் நின்றது.

"அவியதான்" என்றார். பிறகு, கணவர் சந்தைக்குப் போய்ப் பிந்தி வந்ததுபோல, "இம்புட்டு நேரமா வாறதுக்கு?" என்றார்.

அதைத்தான் கேட்க வைத்திருந்தார் போலிருக்கிறது. வேறெதுவும் கேட்கவில்லை. பனியில் கறுத்துச் சுருங்கிய அந்த ஒற்றைப் பூட்ஸை வெகுநேரம் பார்த்தார்.

"ஏட்டி பெமிலா, கட்டிலுக்கடியில டிரங்கு பெட்டி இருக்கு பாரு. அவிய கல்யாண ஷூ கெடக்கும். இடது காலு மட்டும் எடு." பெமிலா எடுத்துக் கொடுத்ததைத் தங்கபாய் சேலைத் தலைப்பால் துடைத்து, பெட்டிக்குள் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒத்தக் காலுல நடந்தா எப்பம் வந்து சேருவாவ? பாவம்."

மறுநாள் நாகர்கோவிலில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கொடி போர்த்திய ஆறடிப் பெட்டியை நிமிர்ந்து தூக்கி வந்து மேடை முன்னால் வைத்தார்கள். கனம் சரியாக இருந்தது, நடை பிசகவில்லை என்று தாணுமாலயனுக்கு நிறைவு. தங்கபாயின் இருக்கை காலியாக இருந்ததால், குழு உறுப்பினர் ஒருவரின் மாமியாரை அதில் உட்கார வைத்து அழச் சொன்னார்கள். பக்கத்தில் யேசுரத்தினம்.

அரை மணி நேரத்தில் பெட்டியிலிருந்து வாடை எழுந்தது. முதல் வரிசை கைக்குட்டையை எடுத்தது. டிவியில் அது கண்ணீராகத் தெரிந்தது. இரண்டாம் வரிசை, முதல் வரிசையைப் பார்த்து உண்மையிலேயே அழுதது. மாமியார் சொல்லாமலே தேம்பினார். அமைச்சர் மைக்கைப் பிடித்தார்.

"இங்கே ஒரு மணம் வீசுகிறது, கவனித்தீர்களா? பனியாலும் அழிக்க முடியாத மணம். இதுதான் தியாகத்தின் மணம்! இதை நான் முகர்ந்து பெருமைப்படுகிறேன். எங்கள் அரசு இருக்கும்வரை இந்த மணம் மாவட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் பரவும் என்று உறுதி கூறுகிறேன்!"

கைதட்டல் எழுந்தது. துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன. மூன்று சாக்கு ஒட்டுப்பால் முழு அரசு மரியாதையுடன் ரவுண்டானாவின் நடுவே அடக்கம் செய்யப்பட்டது. இன்றும் மழை பெய்து வெயில் அடித்தால், அதைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர்கள் தியாகத்தை நினைத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

சாயங்காலம் யேசுரத்தினம் ஊருக்குத் திரும்பினார். போதகரும் அக்கம்பக்கத்தவர் சிலரும் முன்னறையில் காத்திருந்தார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். மைக் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியை யேசுரத்தினமே கையில் தூக்கிப் போனார். தேங்காயைவிடக் கொஞ்சம் கூடுதல் கனம்தான் இருந்தது. மண் போட்டுவிட்டு வந்து, கை கழுவி, தாயின் கட்டிலருகே உட்கார்ந்தார்.

இசக்கி போன் செய்தார். மூன்றாம் எண் அறை கண்ணாடி தெளிந்துவிட்டது. காலையில் வைத்த டீ ஆடை படிந்து அப்படியே இருக்கிறது. தாணுமாலயன் அதைச் சூடாக்கி அடுத்த அறைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

யேசுரத்தினம் போனை வைத்தபோது சந்தில் சத்தம் கேட்டது. டக், டக். டக், டக். இடையில் இடைவெளி இல்லை. எங்கும் தயங்காமல், ஊர்தி திரும்பாத அந்தத் திருப்பத்தில் திரும்பி, படியில் ஏறி, முன்னறைக்குள் வந்து கட்டிலருகே நின்றது. பெமிலா கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தங்கபாய் மூச்சு வாங்காமல், சுவர்ப் பக்கமாக நகர்ந்து, கட்டிலில் இடம் விட்டுப் படுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலம்பற டீ ஒண்ணு கூட்டிப் போடணும் பெமிலா" என்றார்.

"சீனி முழுசாப் போடு" என்றார் யேசுரத்தினம்.